புடவைக்கு நெட் முக்காடு: வீட்டில் தைக்கும்போது எங்கே கெட்டுப்போகிறது

சர்ச் கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் முக்காட்டை வீட்டிலேயே தைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒன்றரை மீட்டர் நெட், ஒரு சீப்பு, ஊசி, நூல், ஒரு மதியப் பொழுது போதும். ஆனாலும் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் சொதப்புகிற முக்காடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். யூடியூபில் கவுனுக்குச் சொன்னதைப் பார்த்துப் புடவைக்கு வெட்டிவிடுகிறார்கள். கவுன் போட்ட பெண்ணுக்கு முந்தானை கிடையாது, கொண்டையில் மல்லிகைச் சரம் கிடையாது, பின்கழுத்தில் தாலி முடிச்சுப் போட யாரும் வரமாட்டார்கள். நம் பெண்ணுக்கு மூன்றும் உண்டு.

முதல் சறுக்கல் கடையிலேயே நடக்கிறது. வெறுமனே ‘நெட்’ என்று கேட்டால் சில கடைகளில் கேன்கேனை எடுத்துப் போடுவார்கள். பாவாடைக்கு உள்ளே கொடுத்து விறைப்பாக நிற்கவைக்கிற துணி அது. தலையில் வைத்தால் கொசுவலை மாதிரி விடைத்துக்கொண்டு நிற்கும். சாஃப்ட் நெட் என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நேராகக் கீழே விழ வேண்டும். அகலம் 58 அல்லது 60 அங்குலம் இருந்தால் புடவைக்குத் தாராளம். வெளிநாட்டு வீடியோக்களில் 108 அங்குல அகலம் சொல்வார்கள். அத்தனையையும் சுருக்கினால் முந்தானையில் போட்ட வேலைப்பாடு முழுக்க மறைந்துபோகும்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். பிளவுஸ் துணியில் ஒரு துண்டு எடுத்துப் போய், ஒப்பணக்காரத் தெருவோ கிராஸ்கட் ரோடோ, கடை வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். ஹாஃப் ஒயிட் பட்டின் மேல் பளிச் வெள்ளை நெட் விழுந்தால், பட்டுதான் அழுக்கான மாதிரி தெரியும்.

அளவை உச்சந்தலையிலிருந்து எடுப்பது அடுத்த தவறு. சீப்பு எங்கே குத்தப்போகிறதோ அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குக் கொண்டை போட்டு, கல்யாணத்தன்று போடும் செருப்பையும் போட்டு நிற்கவைக்க வேண்டும். 5 அடி 2 அங்குல உயரப் பெண்ணுக்குக் கொண்டையின் மேலிருந்து 36 அங்குலம் விட்டால், தொங்கவிட்ட கையின் விரல் நுனிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். புடவைக்கு அந்த நீளம்தான் என் கணக்கில் அழகு. தரை தொடும் முக்காடு வேண்டும் என்று அடம்பிடித்தால் தைத்துக் கொடுக்கலாம்தான். பின்னால் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டும்போது கட்டிலில் விரிக்காதீர்கள், வழுக்கும். தரையைத் துடைத்து விரித்து, ஓரங்களில் கனமாக எதையாவது வையுங்கள். குண்டூசி நெட்டின் கண்ணில் நிற்காமல் உதிரும்; துணிக் கிளிப் போடுவது மேல். கீழ் மூலைகள் இரண்டையும் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வளைவாக வரைந்து வெட்டுங்கள். சதுரமாக விட்டால் மூலைகள் மட்டும் வால் போல இறங்கித் தொங்கும்.

திருப்பூரில் வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியில் இருப்பார்கள். “குடுங்க, ஓவர்லாக் அடிச்சுக் கொண்டு வந்தர்றேன்” என்று பாசமாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நெட் பிரியாத துணி. வெட்டிய ஓரம் வெட்டியபடியே இருக்கும், எதுவும் அடிக்கத் தேவையில்லை. ஓவர்லாக் அடித்தால் ஓரம் இழுபட்டு நெளிநெளியாகிவிடும். ஓரத்தில் அழகுக்கு லேஸ் வைக்க, உள்ளாடைக்குப் போடும் எலாஸ்டிக் லேஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினாலும் அதே கதிதான். இழுத்துத் தைத்த லேஸ் கையை விட்டதும் சுருங்கும், நெட்டும் கூடவே சுருங்கும். இழுபடாத லேஸாகப் பார்த்து வாங்குங்கள். பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். காய்ந்த பசை விறைத்துப்போய், நெட்டின் கண் வழியே பளபளவென்று காட்டிக்கொடுக்கும்.

லேஸை மிஷினில் வைப்பதானால் 9 அல்லது 11 எண் ஊசி போடுங்கள். தையலின் ஆரம்பத்தில் நெட்டை மிஷின் ஊசி இறங்கும் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். அடியில் பட்டர் பேப்பர் வைத்து, மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் பின்னால் பிடித்தபடி ஆரம்பித்தால் அந்தத் தொல்லை இல்லை. தைத்தபின் பேப்பரைக் கிழித்துவிடலாம். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும்.

சீப்பு வைக்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். மேல் விளிம்பில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு, இரண்டு நூலையும் சேர்த்து இழுத்துச் சுருக்குங்கள். ஒரே வரிசை என்றால் பாதியில் அறுந்து எல்லாம் பழையபடி விரிந்துவிடும். சுருக்கியதைச் சீப்பின் அகலத்துக்கு, அதாவது மூன்று, நான்கு அங்குலத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் நூலைச் சுற்றித் தையுங்கள். அதற்குமுன் சீப்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். வளைவின் உட்பக்கம் தலையைத் தழுவ வேண்டும். திருப்பி வைத்துத் தைத்தால் நடக்க நடக்கக் கழன்று வரும்.

பூவை முக்காட்டின் மேல் சுற்றுவது இன்னொரு தவறு. சத்தியமங்கலத்து மல்லி ஈரமாகத்தான் வரும், சரமும் கனம். நெட்டை நனைத்து ஒட்டவைத்துவிடும். கொண்டையைச் சுற்றிப் பூவை வைத்து முடித்து, அதற்கு மேலே சீப்பைக் குத்துங்கள். பூ நெட் வழியாகவே தெரியும். வரவேற்புக்கு முக்காட்டை மட்டும் கழற்றினால் போதும்.

இனி தாலி. பாதிரியார் ஆசீர்வதித்துக் கொடுத்ததும் மாப்பிள்ளையின் கை முக்காட்டுக்கு அடியில் போக வேண்டும். நாத்தனார் ஒருத்தி நெட்டைத் தூக்கிப் பிடிப்பாள், அவள் வளையலில் நெட் மாட்டும், அவசரத்தில் இழுப்பாள், நெட்டின் கண் கிழியும். முக்காட்டைத் தோளில் பின் குத்தி இறுக்கியிருந்தால் இன்னும் சிரமம். தோளில் பின்னே வேண்டாம். நடுவில் சேர்த்து எடுத்து ஒரு பக்கத் தோளில் போட வருகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

தோளில் பின் இல்லாவிட்டால் காற்றுக்கு என்ன செய்வது? ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எங்கும் சும்மா விடாது. சர்ச் வாசலில் போட்டோ எடுக்கும்போது முக்காடு முகத்தில் வந்து அறையும். கீழ் ஓரத்தில் மட்டும் சின்ன முத்துகளை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கோத்துத் தைத்தால் அந்தக் கனமே பிடித்து நிறுத்தும். பெரிய கற்களைத் தைத்தால் சீப்பையே கீழே இழுக்கும்.

சுருக்கம் எடுக்கத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுக்காதீர்கள். கரிப்பெட்டிச் சூட்டில் நைலான் நெட் உருகிப் பெட்டியோடு போய்விடும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் நீங்கிவிடும். இதே காரணத்துக்காகத்தான் மெழுகுவர்த்தியும் ஆகாது. கேக் மேசையில் குனிவதற்கு முன்பே சீப்பை உருவி முக்காட்டை எடுத்துவிடச் சொல்லி, பெண்ணின் பக்கத்தில் நிற்கப்போகிறவரிடம் சொல்லி வையுங்கள்.