அமெரிக்காவில் கார் இல்லாத மாணவரா? கேம்பஸுக்கு வெளியே பாதுகாப்பான வீடு பிடிப்பது இப்படித்தான்

விசா கையில் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, வாட்ஸ்அப் குழுவில் போய் "ரூம் ஏதாவது காலியா?" என்று கேட்பது. பதிலில் வாடகை இருக்கும், நாலு படம் இருக்கும், "யூனிவர்சிட்டிக்கு அஞ்சே நிமிஷம்" என்ற வரியும் கட்டாயம் இருக்கும். அந்த அஞ்சு நிமிஷம் காரில். உங்களிடம் கார் இல்லை. அதனால் வாடகையில் தொடங்கி வீடு தேடாதீர்கள். இரவு எத்தனை மணிக்கு, எந்த வழியாக வீடு திரும்புவீர்கள் என்பதில் தொடங்குங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

படி 1: வீடு திரும்பும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

காலையில் போவது பெரிய விஷயமில்லை, எல்லாப் பேருந்தும் ஓடும். திரும்புவதுதான் சிக்கல். மாலை வகுப்பு எட்டு, ஒன்பது மணி வரை இழுக்கலாம், லேப் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் கேம்பஸ் வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பார்க்கலாம். டைனிங் ஹாலிலோ நூலகத்திலோ கிடைப்பது இரவு ஷிப்டாகவும் இருக்கலாம். இதையெல்லாம் சேர்த்து, வாரத்தில் உங்களுக்கு மிகவும் தாமதமாகப் போகும் நாள் எது என்று பாருங்கள். அந்த நாளுக்குச் சரிப்படும் வீடு மற்ற நாட்களுக்கும் சரிப்படும்.

படி 2: பஸ் ரூட்டை வைத்து ஏரியாவைப் பிடியுங்கள்

முதலில், உங்கள் மாணவர் அட்டைக்கு ஊர்ப் பேருந்து இலவசமா என்று பாருங்கள். அர்பானா-ஷாம்பெயினிலும் ஆன் ஆர்பரிலும் பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் போதும். சாப்பல் ஹில் நகரப் பேருந்தில் யாருக்குமே கட்டணம் கிடையாது, 2002-இலிருந்து அப்படித்தான். எல்லா ஊரும் இப்படி இல்லை, எனவே விசாரிக்காமல் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது கால அட்டவணை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே ரூட்டுக்கு வார நாள், சனி, ஞாயிறு, விடுமுறைக் காலம் என்று தனித்தனி அட்டவணை இருக்கும். வார நாளில் 15 நிமிஷத்துக்கு ஒன்று ஓடும் பஸ், ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒன்றாகலாம், ஓடாமலே போகலாம். நீங்கள் ஜூன் மாதம் நம் ஊரில் உட்கார்ந்து கூகுள் மேப்ஸில் தேடினால் அது கோடை அட்டவணையைக் காட்டும், அதை நம்பி லீஸ் (வாடகை ஒப்பந்தம்) போட முடியாது. பேருந்து நிறுவனத்தின் தளத்துக்கே போய், வகுப்பு நடக்கும் காலத்துக்கான அட்டவணையை எடுத்து, கடைசி பஸ் எத்தனை மணிக்குக் கேம்பஸிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். உங்கள் தாமதமான நாளுக்கு அப்புறமும் குறைந்தது ஒரு பஸ் மிச்சம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று தவறிவிடும்.

இரண்டு ரூட்கள் போகும் தெருவுக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள். மளிகைக் கடையும் அதே ரூட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பால் கேனும் அரிசிப் பையும் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறுவது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

பல கேம்பஸ்களில் இரவில் மாணவர்களை வீட்டில் இறக்கிவிடும் வண்டிச் சேவை உண்டு. அதற்கு ஒரு எல்லை வரைபடம் இருக்கும். நீங்கள் பார்க்கும் வீடு எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, ஒரு தெரு தள்ளி வெளியே இருக்கிறதா என்பது முக்கியம்.

படி 3: ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள், திரையிலாவது

ஒரு மைல் என்றால் 1.6 கிலோமீட்டர், சுமார் இருபது நிமிஷ நடை. தூரம் மட்டும் போதாது. ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, அம்புக்குறியை அழுத்தி அழுத்தி வீட்டு வாசல் வரை வாருங்கள். நடைபாதை தொடர்ந்து வருகிறதா, பாதி வழியில் புல்லில் போய் முடிகிறதா? நாலு லேன் சாலையைக் கடக்க சிக்னல் இருக்கிறதா? தெருவிளக்கு எத்தனை? இரவில் திறந்திருக்கும் கடை ஏதாவது உண்டா, இல்லை முழுக்க முழுக்கப் பார்க்கிங் லாட்டும் குடோனுமா? படம் எந்த ஆண்டு எடுத்தது என்று திரையிலேயே போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஆகஸ்டில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், எந்தத் தெருவும் அழகாகத்தான் தெரியும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்கப்புறம் பாஸ்டன் மாதிரி ஊரில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும், ஐந்து மணி வகுப்பு முடிந்து வருவதே இருட்டில்தான். பனி ஊர் என்றால் நடைபாதையில் பனியை யார் அள்ளுகிறார்கள் என்று அங்கே இருக்கும் சீனியரைக் கேளுங்கள். யாரும் அள்ளாத தெருவில் நீங்கள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

படி 4: குற்ற விவரத்தைச் சரியான இடத்தில் பாருங்கள்

1986-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 1990-இல் வந்த கிளெரி சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்கள் கடந்த மூன்று ஆண்டுக் குற்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். நல்ல ஆவணம்தான். ஆனால் அது கேம்பஸையும், ஒட்டியுள்ள பொது இடங்களையும், பல்கலைக்கழகக் கட்டுப்பாட்டில் உள்ள கட்டடங்களையும்தான் கணக்கில் எடுக்கும். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் தனியார் அபார்ட்மெண்ட் அதில் வராது. ஆகவே நகரக் காவல்துறையின் குற்ற வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். கடைத்தெருவில் கடைத் திருட்டு கூடத்தான் இருக்கும். உங்கள் நடைவழியில், இரவு நேரத்தில், வழிப்பறியும் தாக்குதலும் நடந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

படி 5: ஆளும் வீடும் உண்மையா?

சந்தை விலையைவிட நன்றாகக் குறைந்த வாடகை, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் ஓனர், "இன்னைக்கே டெபாசிட் போட்டா உங்களுக்கு" என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்ந்தால் விலகிவிடுங்கள். விளம்பரப் படத்தை இணையத்தில் படத்தேடல் செய்தால் வேறு ஊர் வீட்டின் படம் என்று பல நேரம் தெரிந்துவிடும். ஓனர் பெயரையும் சரிபார்க்கலாம்: அமெரிக்காவில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது பொதுப் பதிவு, பெரும்பாலான கவுண்டிகளின் (நம் மாவட்டம் மாதிரி) தளத்தில் முகவரியைப் போட்டால் வந்துவிடும்.

வீடியோ காலில் பார்க்கும்போது, பதிவு செய்த வீடியோ வேண்டாம், நேரலையில் காட்டச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே வந்து கதவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், அப்படியே பஸ் ஸ்டாப் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் முனகினாலும் செய்வார். ஏமாற்றுக்காரர் போனை வைத்துவிடுவார். கிஃப்ட் கார்டிலோ வயர் டிரான்ஸ்ஃபரிலோ பணம் கேட்டால் பேச்சே வேண்டாம். ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் முகம் தெரியாதவருக்கு அனுப்பினால் ரொக்கத்தைக் கையில் கொடுத்த மாதிரிதான், திரும்ப வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால், முதல் இரண்டு வாரம் சீனியர்கள் வீட்டிலோ இந்திய மாணவர் சங்கம் ஏற்பாடு செய்யும் தற்காலிக இடத்திலோ தங்கி, நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. சில ஊர்களில் அதற்கு நேரம் இருக்காது, உண்மைதான்.

படி 6: கதவு, ஜன்னல், அலாரம்

இதில் டெக்சாஸ் சட்டத்தை ஒரு பட்டியல் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். அங்கே வாடகை வீட்டின் வெளிக்கதவில் பூட்டோடு, உள்ளிருந்து மட்டும் போடும் தாழ்ப்பாளும், வெளியே பார்க்கும் துளையும் இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கொக்கி வேண்டும். ஆள் மாறினால் ஏழு நாளுக்குள் பூட்டின் சாவியை மாற்ற வேண்டும். வேறு மாநிலமாக இருந்தாலும் இதையே கேளுங்கள், குறிப்பாகப் பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேலை செய்கின்றனவா என்று பட்டனை அழுத்திப் பாருங்கள். அடித்தள அறை மலிவாகக் கிடைக்கும். ஆள் வெளியே ஏறி வரும் அளவுக்கு ஜன்னல் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 7: லீஸை முழுசாகப் படியுங்கள்

உங்கள் பெயர் லீஸில் இருக்க வேண்டும். ஹாலில் இன்னொரு ஆள் என்று பெயர் சேர்க்காமல் தங்கினால், ஓனர் போகச் சொன்னால் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற பொருளில் ஒரு வரி வரும். ரூம்மேட் பாதியில் ஓடிவிட்டால் அவர் பங்கையும் உங்களிடம் கேட்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லை, கிரெடிட் வரலாறு (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லை என்பதால் ஜாமீன்தாரரையோ கூடுதல் டெபாசிட்டையோ கேட்பார்கள். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு: நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது, கலிஃபோர்னியாவிலும் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான ஓனர்களுக்கு அதே வரம்புதான். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, கையெழுத்துக்கு முன் லீஸைக் காட்டினால் படித்துச் சொல்வார்கள்.

படி 8: சாவி வாங்கிய அன்றே

பெட்டியைப் பிரிக்கும் முன் அறை அறையாக வீடியோ எடுத்து, கறை, விரிசல், உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் எழுதி ஓனருக்கு மெயிலில் அனுப்புங்கள். காலி செய்யும்போது டெபாசிட் திரும்ப வரும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க்கில் 14 நாள், கலிஃபோர்னியாவில் 21, டெக்சாஸில் 30. அதோடு, நீங்கள் அடுத்துப் போகும் முகவரியையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். டெக்சாஸில் அதைக் கொடுக்கும் வரை ஓனர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயமே இல்லை.