முன் நிற்கும் கையின் அடிகள்: ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) எது, தற்காப்புக்கு எது?

குத்துச்சண்டையிலோ கராத்தேயிலோ புதிதாகச் சேர்பவர்களுக்குப் பின்னால் இருக்கும் கையின்மீதுதான் ஆசை. இடுப்பைத் திருப்பி இறக்கும் அந்த அடியில் பலம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் எதிராளிக்கு அருகில் இருப்பது முன் நிற்கும் கை. அது கடக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால் கிளம்புவதும் எளிதில் கண்ணில் படாது. ஆகவே முதல் சில மாதங்களில் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை அந்தக் கைக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்பவை இடது காலை முன்வைத்து நிற்கும் வலக்கைக்காரர்களுக்கானவை. இடக்கைக்காரர்கள் இடவலம் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஜாப், அதாவது முன் கையால் நேராகப் போடும் விரைவான குத்து. தாடையைச் சற்றுத் தாழ்த்தி, வலக்கையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, இடது காலை அரை அடி நகர்த்தும்போதே இடக்கையை நேராக நீட்டுங்கள். முழங்கை தரையைப் பார்த்தபடியே போய், கடைசிச் சாண் தூரத்தில்தான் மடக்கிய கைமுட்டி திரும்ப வேண்டும். அப்போது தோள்பட்டை தானாக உயர்ந்து தாடையை மறைத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் முட்டிகளே இலக்கில் பட வேண்டும். முழங்கை வெளியே விரிவதுதான் எல்லோரிடமும் காணும் பிழை. அடி கிளம்புவதற்கு முன்பே எதிராளிக்கு அது சேதி சொல்லிவிடுகிறது. இதைத் திருத்தச் சுவரைப்போல நல்ல ஆசிரியர் இல்லை. இடது தோள் சுவரை ஒட்டியிருக்கும்படி நின்று மெதுவாக ஐம்பது ஜாப் போடுங்கள். முழங்கை விரிந்தால் சுவரில் இடிக்கும்; இரண்டு முறை இடித்துக்கொண்டால் மூன்றாம் முறை கை தானாகவே நேராகிவிடும்.

கை போவதைவிடத் திரும்பி வருவதில்தான் கவனம் தேவை. போன வழியிலேயே, போன உயரத்திலேயே அது கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஜாப் போட்டபின் இடக்கையைத் தாழ விடுவதைக் கவனித்து வைத்திருந்த எதிராளி மாக்ஸ் ஷ்மெலிங், 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாகத் தம் வலக்கையைத் திரும்பத் திரும்ப இறக்கி, 12ஆம் சுற்றில் அவரை வீழ்த்தினார். லூயிஸ் போன்ற ஒருவருக்கே ஒரு சாண் தாழ்வு இவ்வளவு விலை வைத்ததென்றால், பழகுபவர்கள் அதை அலட்சியப்படுத்தவே கூடாது.

கராத்தேயின் கிஸாமி ஸுக்கி பார்வைக்கு ஜாப்பைப் போலிருந்தாலும் அதன் நோக்கம் வேறு. உடலை நன்றாகப் பக்கவாட்டில் திருப்பி, பின்காலால் தரையை உந்தி, அதிகத் தூரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகச் செல்லும் அடி அது. ஒரு புள்ளி விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடும் போட்டியில் அது மிகச் சிறந்தது. ஆட்டம் நிற்காமல் தொடரும் ஸ்பாரிங்கிலோ, உடல் எடை முழுவதும் முன்னே போய்விடுவதால், அடி தவறினால் எதிராளியின் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். புரூஸ் லீ வகுத்த ஜீத் குன் டோ என்ற சண்டைக் கலையில் பலமான கையையே முன்னால் வைத்து, கட்டைவிரல் மேல்நோக்கியிருக்கும்படி முட்டியைச் செங்குத்தாகச் செலுத்துவார்கள். வாள்சண்டையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட கருத்து இது. காலுக்கு முன் கை கிளம்ப வேண்டும் என்ற அதன் விதியை எந்தக் கலையைப் பழகுபவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான நிலையில் இன்னும் தடுமாறுபவர்கள் காலை மாற்றிப் பார்க்க அவசரப்பட வேண்டாம்.

முழங்கையை மடக்கியபடி பக்கவாட்டிலிருந்து வீசும் இடது ஹூக் பலமானது. ஆனாலும் முதல் அடியாக வீசத் தக்கதன்று. இரண்டு ஜாப் போட்டு எதிராளியின் கைகளை முகத்துக்கு நேரே வரவழைத்த பிறகே அதற்குப் பக்கவாட்டில் வழி திறக்கும். புறங்கை முட்டியால் வீசும் அடி புள்ளிக்கு உதவும், பலத்துக்கு உதவாது.

தெருவில் கணக்கு மாறுகிறது, ஏனெனில் கையில் கிளவுஸ் இல்லை. வெறும் முட்டியால் முகத்தைக் குறிவைக்கும்போது எதிராளி தலையைக் குனிந்தால் முட்டி நெற்றி எலும்பில் மோதும். சுண்டுவிரலுக்குக் கீழுள்ள கை எலும்பு முறிவது இப்படித்தான். ஆகவே தற்காப்புக்கு நான் முதலிடம் கொடுப்பது உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையிலோ மூக்கிலோ தாக்கும் அடிக்கு. ஜாப் செல்லும் அதே நேர்கோட்டில், விரல்களைப் பின்னே மடக்கி, காலை நகர்த்திச் செலுத்துங்கள். இரு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்தில் விரித்து, “வேண்டாம், தள்ளி நில்லுங்கள்” என்று உரக்கச் சொல்லும் நிலையிலிருந்தே இதைத் தொடங்க முடியும் என்பது இதன் பெரிய வசதி. அந்தக் கைகள் சண்டைக்கு அழைப்பதில்லை, ஆனால் இடைவெளியைக் காக்கின்றன.

விரல்களால் கண்ணைக் குத்தும் அடி இன்னும் நீளமானது, வேகமானது. ஆனால் பார்வையையே பறிக்கக்கூடியது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை அளித்தாலும், தேவைக்கு மீறிய தீங்கை அனுமதிப்பதில்லை. ஆகையால் உயிருக்கே ஆபத்து என்ற நிலைக்கு மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள். எதிரில் கத்தி இருந்தால் எந்த அடியையும் நம்பாமல், வழி இருக்கும்வரை ஓடிவிடுங்கள்.

பழகும் முறையைப் பொறுத்தவரை, 16 அவுன்ஸ் கிளவுஸும் மவுத் கார்டும் அணிந்து, இருவரும் ஜாப் மட்டுமே போடும் மூன்று நிமிடச் சுற்றுகளை வாரம் இருமுறை செய்யுங்கள். உள்ளங்கை அடிக்கு, கையில் பேடுடன் (அடியை வாங்கும் மெத்தையுடன்) நண்பர் உங்களை நோக்கி நடந்து வரட்டும். இரண்டு அடி இறக்கியதும் நின்று பேடைப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பி வாருங்கள்.