அங்கோலாவின் கட்டாய உழைப்பு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகீசியர் ஆண்ட அங்கோலா பற்றி எழுத வரும் புதியவர்களின் வரைவுகள் என்னிடம் திருத்தத்துக்கு வரும். அவற்றில் உள்ள தவறுகளில் பல எனக்குப் பழைய அறிமுகம். ஊர்ப்பெயர்க் குழப்பத்தை விடுங்கள், அது யார் கண்ணிலும் படும்.

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று எண்ணுவது

1961 வரை கிடையாது. அதுவரை ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சட்டம், வெள்ளையருக்கு வேறு சட்டம்.

ஒழிப்புச் சட்டத்தை நம்பிவிடுவது

"1869இல் போர்ச்சுகல் அடிமை முறையை ஒழித்தது" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் நேராக, போர்ச்சுகீசியருக்கு எதிரான 1961 கிளர்ச்சி. நடுவில் இருந்த தொண்ணூறு ஆண்டுகள் எங்கே போயின? இப்படி ஒரு கட்டுரை அப்படியே அச்சேறிவிட்டது. "அடிமை முறைதான் ஒழிந்துவிட்டதே, அப்புறம் எதற்குக் கலகம்? வெளியாட்கள் தூண்டிவிட்டார்களா?" என்று வாசகர் ஒருவர் கேட்டார். லிஸ்பன் அரசு அன்று சொன்ன சமாதானமும் அதேதான்! அதை நாமே அவர் வாயில் போட்டுவிட்டோம். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

1899ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். உழைப்பது ஆப்பிரிக்கர்களின் கடமை, தாமாக வராதவர்களை அரசு கட்டாயப்படுத்தலாம் என்கிறது. 'ஒப்பந்தம்' என்ற பெயரில் ஆள் பிடித்து காபித் தோட்டங்களுக்கும் சாவோ தோமே தீவின் கொக்கோ தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். தீவுக்குப் போனவர்களில் ஊர் திரும்பியவர்கள் அரிது. 1909இல் கேட்பரி நிறுவனம் அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியும் ஆள்பிடிப்பு ஓயவில்லை. 1947இல் காலனிகளின் மூத்த ஆய்வாளர் என்ரிக் கல்வாவ், போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசரின் ஆதரவாளராக இருந்தவர், இது அடிமை முறையைவிட மோசம் என்று அறிக்கை கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய அடிமை செத்தால் எசமானுக்கு நட்டம். அரசு பிடித்துக் கொடுத்த ஆள் செத்தால் இன்னொருவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் காட்டிய கணக்கு.

1961ஐ லுவாண்டாவில் தொடங்குவது

பிப்ரவரி 4 அன்று தலைநகர் லுவாண்டாவில் நடந்த சிறைத் தாக்குதலுக்கு முன்பே, ஜனவரியில், கசாஞ்சே தாழ்நிலத்துப் பருத்தி விவசாயிகள் விதைக்க மறுத்து விதைகளை எரித்தார்கள். கொட்டோனாங் என்ற நிறுவனத்துக்கே, விதித்த விலைக்கே விற்றாக வேண்டிய பருத்தி அது. அரசு விமானத்திலிருந்து குண்டு வீசியது. கட்டாயப் பருத்திச் சாகுபடியை நீக்கியதும் அதே ஆண்டில்தான். கலகம் முந்தி, சட்டம் பிந்தி. வரைவுகளில் இந்த வரிசை தலைகீழாக வருகிறது.

இயக்கங்களை ஒன்றாக்குவது

அங்கோலாவின் விடுதலைக்குப் போராடிய எம்.பி.எல்.ஏ., எஃப்.என்.எல்.ஏ., யுனிட்டா என்ற மூன்று இயக்கங்களும் வேறு வேறு. 1975இல் விடுதலை வந்தபோதே தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தன.