இளம் குதிரையைக் கன்ரருக்குப் பழக்கும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பில் கன்ரர் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு நினைவுக்கு வருவது புறக்கோட்டையில் மரக்கறி மூட்டை இறக்கும் லொறிதான். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் "முத்து இன்றைக்கு முதல்முறை கன்ரர் ஓடினான்" என்று நான் சொல்ல, மாமி "அவனுக்கு லைசென்ஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

முத்து எங்கள் இளம் குதிரை, நான் சொல்வது குதிரையின் நடையை. ட்ரொட் என்ற மெல்லோட்டத்துக்கு அடுத்தது, நாலுகால் பாய்ச்சலுக்கு முந்தியது. மிருதங்கம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ட்ரொட்டில் இரண்டு தட்டு: தக, தக. கன்ரரில் மூன்று தட்டு, அதற்குப் பிறகு நாலு காலும் நிலத்தை விட்டு எழும்பும் ஒரு கணம்: தகிட, தகிட. முழுப் பாய்ச்சலில் அது தகதிமி ஆகிவிடும். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டால் இது சீக்கிரம் பிடிபடும்.

கறுவாத்தோட்டத்து ரேஸ்கோர்ஸ் 1893இல் வந்தது, 1956இல் அங்கே பந்தயம் நின்றுபோனது. இன்றைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் எல்லாம் சப்பாத்து போட்ட மனிதர்கள். குதிரையோடு வளர்ந்த ஆட்களை இந்த நகரத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனால் நம்மில் பலரும் யூடியூப்பைப் பார்த்துத்தான் பழகுகிறோம். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில், நல்ல மணல் போட்ட மைதானத்தில் எடுத்தவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிக்கல்தான்.

முதலாவதும் பெரியதுமான பிழை, ட்ரொட்டை வேகமாக்கி வேகமாக்கிக் கன்ரருக்குத் தள்ளுவது. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு குதிகாலாலும் இடித்துக்கொண்டே போனேன். முத்து கழுத்தை நீட்டி, ட்ரொட்டிலேயே பறந்தான். கடைசியில் மூலையில் கால் இடறி, கன்ரர் மாதிரி ஏதோ ஒன்றுக்குள் விழுந்தான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதுதான் இன்னும் மோசம். "அது ஓடல தம்பி, விழாம தப்பிச்சுது" என்றார் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அவர் நுவரெலியாப் பக்கம், சின்ன வயதிலிருந்தே குதிரையோடு இருப்பவர்.

அவர் சொன்னதன் காரணம் காலடி வரிசையில் இருக்கிறது. இடப்பக்கக் கன்ரர் வலது பின்னங்காலில் தொடங்குகிறது. அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து, கடைசியாக இடது முன்னங்கால். அதாவது வட்டத்தின் வெளிப்பக்கப் பின்னங்கால் ஒன்றே முதலில் முழு உடம்பையும், மேலே இருக்கும் நம்மையும் தாங்கி எழுப்பவேண்டும். விரட்டி ஓட்டினால் பாரம் எல்லாம் முன்னங்கால்களில் விழுந்துவிடும், பிறகு பின்னங்கால் எதைத் தூக்குவது? ஆகவே ட்ரொட் அவசரப்பட்டால் அந்த இடத்தில் கன்ரர் கேட்கவே கூடாது. சாதாரண நடைக்குக் கொண்டுவந்து, ஒரு வட்டம் போய், மூச்சு அமைதியான பிறகு மறுபடி கேளுங்கள். சுமார் 20 மீற்றர் விட்டமுள்ள வட்டம், அல்லது பெரிய மூலை நல்ல இடம். அங்கே உடம்பு ஏற்கனவே உள்பக்கம் வளைந்திருக்கும். நமது உள்கால் வயிற்றுவாரின் பக்கத்தில், வெளிக்கால் ஒரு கையளவு பின்னால். ஒரு தரம் தெளிவாகக் கேட்டால் போதும், தாளம் தட்டவேண்டியதில்லை.

கேட்கும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும். சேணத்தில் ஏறுவதற்கு முன்பே, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டும்போது கன்ரருக்கான சொல்லைக் குதிரைக்குப் பழக்கிவிடுவது வழக்கம். எங்கள் இடத்தில் அண்ணன் தமிழில் சொல்வார், பயிற்றுநர் சிங்களத்தில், நான் வீடியோவில் கேட்ட ஆங்கிலத்தில். பாவம் முத்து, மும்மொழிக் கொள்கை அவன் தலையில் விழுந்தது. ஒரு வாரம் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னோம், அரைவாசிக் குழப்பம் போய்விட்டது.

அடுத்தது கை. கன்ரரில் ஒவ்வொரு அடிக்கும் குதிரை தலையைத் தாழ்த்தி உயர்த்தும். கம்பியில் நடப்பவர் கையிலிருக்கும் கோலைப் போல, கழுத்தால்தான் அது சமநிலை பிடிக்கிறது. முதல் கன்ரரில் நமக்குப் பயம். பயந்தால் கை இறுகும், கடிவாள வாரில் தொங்குவோம். போகச் சொல்லிக் காலால் கேட்டுவிட்டு, போனதும் வாயில் இழுத்தால் இளம் குதிரை என்ன முடிவுக்கு வரும்? இரண்டு நாளில் கன்ரர் என்றாலே தலையை எறியத் தொடங்கிவிடும், அல்லது மூன்று தட்டு உடைந்து தகதிமி என்று இழுபடும். நான்கு தட்டு கேட்டால் அது பாய்ச்சலாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, செத்துப்போன கன்ரரும் அப்படித்தான் கேட்கும். பழைய அங்கவடி வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, பயம் வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இருக்கையில் அழுந்தி உட்காரவும் அவசரம் வேண்டாம், முதல் சில வாரங்கள் முதுகில் பாரத்தைக் குறைத்து, சற்று எழும்பினாற்போல் இருப்பது அதற்கு உதவி.

லீட், அதாவது எந்த முன்னங்கால் முந்துகிறது என்ற விஷயத்தில் நடப்பது வேறு. இடப்பக்கம் திரும்பும்போது இடது முன்னங்கால் முந்தவேண்டும், சில நேரம் வலது முந்திவிடும். உடனே இழுத்து நிறுத்திக் கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் நாம் கன்ரர் கேட்டோம், அது கன்ரர் தந்திருக்கிறது! கால்தான் மாறிவிட்டது. நாலைந்து அடி போகவிட்டு, அமைதியாக ட்ரொட்டுக்கு வந்து, அடுத்த மூலையில் வளைவைச் சரிபார்த்துக் கேளுங்கள். எந்தக் கால் முந்துகிறது என்று குனிந்து தோளைப் பார்ப்பதும் ஒரு பிழை. நாம் குனிந்த பக்கத்துக்குப் பாரம் போய், சரியாக வந்துகொண்டிருந்த லீட்டையே குழப்பிவிடும். இரண்டு மூன்று வாரமாகியும் ஒரு பக்க லீட்டை மட்டும் தரவே மாட்டேன் என்றால் அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். முதுகு, பல், பின்னங்கால் மூட்டு, சேணம் இவற்றைப் பார்க்க மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

சேணம் என்றதும் இன்னொன்று. ஜனவரியில் பொருந்திய சேணம் ஜூனில் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் குதிரை இன்னும் வளர்கிறது. சில மாதங்களில் பின்புறம் முன்புறத்தைவிட உயர்ந்து நிற்கும், அப்போது கன்ரர் மலைச் சரிவில் இறங்குவது போலிருக்கும். அந்த நாட்களில் கேட்காமல் விடுவதே நல்லது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ள ஐந்து வயதையும் தாண்டும். மூன்று வயதுக் குதிரையோடு ஒரு பக்கத்துக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நிறுத்திக்கொள்ளலாம். நன்றாக வந்த நாளில் "இன்னும் ஒருதரம்" என்று கேட்கத் தோன்றும். அந்த இன்னும் ஒருதரத்தில்தான் களைத்துப்போய்ப் பிழைவிடும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை கொட்டிய புல்வெளியில் வட்டக் கன்ரர் வேண்டவே வேண்டாம். ஒருதரம் வழுக்கிய இளம் குதிரை அந்த மூலையை மாதக்கணக்காக மறக்காது.

இனி, குளிர்நாட்டு வீடியோ எதுவும் நமக்குச் சொல்லாத விஷயம், கொழும்பின் புழுக்கம். இங்கே வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் எதிரி, வியர்வை காயாவிட்டால் குதிரையின் உடம்பு குளிராது. கன்ரர் வேலையைக் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவோம். நமது சட்டை பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும்போது குதிரையின் தோல் காய்ந்து கிடந்தால், "ஆள் களைக்கவே இல்லை" என்று பெருமைப்படாதீர்கள். ஈரமான வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், அது ஆபத்து. வேலையை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, வைத்தியருக்கு அழைப்பு எடுக்கவேண்டும்.

சாதாரண நாளிலும் இறங்கியதும் வயிற்றுவாரைத் தளர்த்தி, பத்து நிமிடம் நடத்துங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டு, மறுபடி ஊற்றி வழித்துவிடுங்கள். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். இடது முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் கையை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கால் மணித்தியாலம் கழித்தும் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்று நாம் கேட்டது அதிகம், மறுநாள் முத்துவுக்கு லீவு.