சான்றிதழ் எடுத்தாயிற்று, புதுப்பிக்க மறந்தாயிற்றா?

திருகோணமலையில் நெட்வேர்க்கிங், கிளவுட் என்று படித்துவிட்டு கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிற பெடியள் சான்றிதழ் எடுக்க மாதக்கணக்கில் நித்திரை முழிப்பார்கள், எடுத்தபிறகு அதன் காலாவதித் திகதியைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

நான் அடிக்கடி காணும் பிழை, ஒஃபிஸ் மின்னஞ்சலில் சான்றிதழ்க் கணக்கைத் திறப்பது. வேலையை விட்டதும் அந்த மின்னஞ்சல் பூட்டுப்படும், புதுப்பிக்கச் சொல்லி வரும் ஞாபகமூட்டல் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும், உள்ளே போய்ப் பார்ப்போமென்றாலும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்பும் அதே பெட்டிக்குத்தான் போகும். சொந்த ஜிமெயிலில் திறவுங்கள். ஏற்கெனவே ஒஃபிஸ் முகவரியில் இருந்தால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கமுன் மாற்றிவிடுங்கள்.

சான்றிதழ் தரும் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விதி என்று நினைப்பது அடுத்த பிழை. சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வேர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ 3 வருடம் செல்லும். ஆனால் மைக்ரோசொஃப்டின் அசோசியேட், எக்ஸ்பேர்ட் சான்றிதழ்கள் ஒரே வருடம்தான். அதைப் புதுப்பிப்பது இலவசம், வீட்டிலிருந்தே ஒன்லைனில் செய்யலாம், கண்காணிப்பாளரும் இல்லை, முதல்தரம் தவறினால் உடனே திரும்ப எழுதலாம், அதற்குப் பிறகு 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும். காலாவதிக்கு 6 மாதம் முன்பே கதவு திறந்துவிடும். முந்திச் செய்தால் நாள் குறைந்துவிடுமோ என்று சிலர் கடைசி வாரம்வரை இழுக்கிறார்கள்; குறையாது, பழைய முடிவுத் திகதியிலிருந்துதான் அடுத்த வருடம் கூடும். தவறவிட்டால் காசு கட்டி முழுப் பரீட்சையும் எழுதவேண்டும். ஏஇசட்-900 (மைக்ரோசொஃப்டின் கிளவுட் அறிமுகப் பரீட்சை) போன்ற அடிப்படைச் சான்றிதழ்கள் காலாவதியாவதில்லை, அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

சிஸ்கோவில் இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. சிசிஎன்ஏயையே திரும்ப எழுதத் தேவையில்லை: 30 தொடர்கல்விப் புள்ளி சேர்த்தாலும் சரி, அடுத்த படியான சிசிஎன்பி பரீட்சை ஒன்றில் சித்தியடைந்தாலும் சரி, அது புதுப்பிக்கப்பட்டுவிடும். எப்படியும் மேலே படிக்கத்தான் போகிறீர்கள் என்றால் எதற்கு அதே பாடத்தை மறுபடி மனனம் செய்வான்?

கொம்ப்டியாவின் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் காரர் 3 வருடத்தில் 50 தொடர்கல்விப் புள்ளி சேர்க்கவேண்டும். அதைச் சேர்த்துவிட்டு, வருடாந்தக் கட்டணத்தை மறந்துவிடுவார்கள். கட்டணம் டொலரில் என்பதால், வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டு வையுங்கள். கடைசி நாள் இரவு அட்டை மறுக்கப்பட்டால் வங்கியில் யாரைப் பிடிப்பது?

மறுபடி பரீட்சைதான் எழுதவேண்டும் என்றால் பெயரைக் கவனியுங்கள். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரோடு முழுசாக இருப்பதை, பதியும்போது இனிஷல் போட்டுச் சுருக்கிவிடுகிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனதும் வீண், கட்டின காசும் வீண்.