ஆன்லைனில் விற்கிறீர்களா? அமெரிக்காவில் சேல்ஸ் டாக்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்

அமெரிக்கா வந்து வீடு, கார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் நம்மவர்களில் பலர் சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்குகிறார்கள். ஒருவர் காஞ்சிபுரத்திலிருந்து சேலை வரவழைத்து விற்கிறார். இன்னொருவர் ஒரு மென்பொருளை எழுதி மாதச் சந்தாவுக்குக் கொடுக்கிறார். வருமான வரியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். சேல்ஸ் டாக்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பின்னால் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான்.

அதற்கும் முன்னால் விசா. எச்-1பியில் இருப்பவர் தன்னை அழைத்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். அவருடைய கணவராகவோ மனைவியாகவோ எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே தொழில் நடத்தலாம். இதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திவிட்டு மேலே படியுங்கள்.

ஊரில் ஜிஎஸ்டி பார்த்துப் பழகியவர்கள் அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே நாடு முழுவதற்குமான விற்பனை வரி கிடையாது. 45 மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் தனித்தனியாக வசூலிக்கின்றன. ஓரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகியவற்றில் இல்லை. அலாஸ்காவில் மாநில வரி இல்லை, ஆனால் சில ஊர்கள் போடுகின்றன. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டும் இங்கே கிடையாது. கடைசியாக வாங்கிப் பயன்படுத்துபவரிடம் மட்டும்தான் வரி. மறுவிற்பனைக்காகச் சரக்கு எடுக்கும்போது மொத்த வியாபாரியிடம் ரீசேல் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டால் உங்களிடம் வரி வாங்கமாட்டார்.

சரி, எந்த மாநிலத்து வரியை நீங்கள் வசூலிக்க வேண்டும்? அந்த மாநிலத்தோடு உங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கணக்காளர்கள் இதை நெக்சஸ் என்பார்கள். நீங்கள் குடியிருந்து தொழில் நடத்தும் மாநிலத்தில் நெக்சஸ் முதல் நாளே வந்துவிடுகிறது. வரிக்குரிய பொருளாக இருந்தால் உள்ளூர் வாடிக்கையாளருக்கு விற்கும் முதல் டாலரிலிருந்தே வசூலிக்க வேண்டும்.

மற்ற மாநிலங்கள் விஷயத்தில் 2018 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த வேஃபேர் தீர்ப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை கடையோ ஆளோ சரக்கோ இல்லாத மாநிலம் உங்களை வசூலிக்கச் சொல்ல முடியாது. இப்போது விற்பனைத் தொகை ஓர் எல்லையைத் தாண்டினாலே போதும். பெரும்பாலான மாநிலங்களில் அது ஆண்டுக்கு 1,00,000 டாலர். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 5,00,000. சில மாநிலங்கள் தொகை குறைவாக இருந்தாலும் 200 பரிவர்த்தனை ஆனால் போதும் என்கின்றன. மலிவான பொருளை நிறைய விற்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அப்புறம் கிடங்கு. அமேசானிடம் சரக்கை ஒப்படைத்து விற்றால், அது உங்கள் சரக்கைத் தன் வசதிக்கு எந்த மாநிலத்துக் கிடங்குக்கும் நகர்த்தும். சரக்கு இருக்கும் இடத்தில் நீங்களே கடை போட்டிருப்பதாகப் பல மாநிலங்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் சரக்கு எங்கெங்கே கிடக்கிறது என்ற அறிக்கையை மாதம் ஒருமுறையாவது இறக்கிப் பாருங்கள்.

அமேசான், எட்சி போன்ற சந்தைத் தளங்களில் நடக்கும் விற்பனைக்கு அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு, 'எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உங்கள் சொந்த இணையதளம், வாட்ஸாப் குழு, தீபாவளிக் கண்காட்சி ஸ்டால் ஆகியவற்றில் விற்பது முழுக்க உங்கள் பொறுப்பு. இணையக் கடை மென்பொருள் வரியைக் கணக்குப் போட்டுக் காட்டும். நீங்களாக ஏற்பாடு செய்யாதவரை அரசுக்குக் கட்டாது.

எதற்கு வரி என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சி எடிசனில் இருந்துகொண்டு அங்கேயே ஒருவருக்கு 100 டாலர் சேலை விற்றால் வரி இல்லை, ஏனென்றால் அங்கே உடைக்கு விலக்கு. அதே பெட்டியில் ஒரு கவரிங் நெக்லஸ் வைத்தால் அதற்கு 6.625 சதவீதம் உண்டு. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருந்து அதே சேலையை அக்கம்பக்கத்தில் விற்றால் 8.25 டாலர் வரி.

மென்பொருள் இன்னும் சிக்கல். சந்தா முறையில் இணையம் வழியாகத் தரும் மென்பொருளுக்கு நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் வரி உண்டு; கலிஃபோர்னியாவில் இல்லை. டெக்சாஸ் அதைத் தரவுச் செயலாக்கச் சேவை என்று வகைப்படுத்தி, கட்டணத்தில் 20 சதவீதத்தை விட்டுவிட்டு மீதிக்கு வரி போடுகிறது. 1,000 டாலர் சந்தாவென்றால் 800 டாலருக்கு, 8.25 சதவீத ஊரில் 66 டாலர். சென்னையில் இருந்தபடியே அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு விற்கும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தம் மாநில விற்பனை வரியைத் தொடுவதில்லை, மேலே சொன்ன விற்பனைத் தொகை எல்லையைத் தாண்டினால் அவர்களும் அந்த மாநிலத்தில் பதிய வேண்டும்.

பதிவு செய்யாமல் யாரிடமும் வரி வசூலிக்காதீர்கள், அது சட்டவிரோதம். டெக்சாஸ், கலிஃபோர்னியா இரண்டிலும் வரி வசூலிப்பதற்கான பெர்மிட் இலவசம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஸ்ட்ரீம்லைன்டு சேல்ஸ் டாக்ஸ் என்ற பொதுத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பதியலாம். பெர்மிட் எடுத்த பிறகு விற்பனையே இல்லாத காலத்துக்கும் பூஜ்ஜியம் என்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சாஸில் தாமதமானால், கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் 50 டாலர் அபராதம். வசூலித்த வரியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது அரசின் பணம். உங்கள் சொந்தச் சொத்தைத் தனியாகக் காக்கும் எல்எல்சி என்ற நிறுவன அமைப்பு வைத்திருந்தாலும் அதைக் கட்டாவிட்டால் உங்கள் சொந்தச் சொத்துவரை வருவார்கள்.

ஏற்கெனவே சில காலம் வசூலிக்காமல் விற்றுவிட்டீர்களென்றால் பயந்து ஒதுங்காதீர்கள். கணக்கே தாக்கல் செய்யாதவர்களுக்குப் பொதுவாகக் காலவரம்பு கிடையாது, எத்தனை ஆண்டு பின்னாலும் போய் மாநிலம் கேட்கலாம். நாமாக முன்வந்தால் பல மாநிலங்கள் மூன்று நான்கு ஆண்டுக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு அபராதத்தையும் தள்ளுபடி செய்கின்றன. இந்தத் தன்னார்வ ஒப்பந்தத்துக்குக் கணக்காளர் மூலம், பெயர் சொல்லாமலேயே முதலில் விசாரிக்கலாம். மாநிலத்திலிருந்து கடிதம் வந்த பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும், அதனால் இந்த வாரமே கூப்பிடுங்கள்.