சோலார் இன்வெர்ட்டரின் தரவை வீட்டுக்குள்ளேயே படித்து கீசரை ஓட்டுவது எப்படி?

மாடியில் சோலார் பேனல் போட்டவர்களின் போனில் ஒரு ஆப் இருக்கும். இன்றைக்கு எத்தனை யூனிட் என்று காட்டும். ஆனால் அந்த எண்ணை நம்பி கீசரையோ மோட்டாரையோ இயக்குவது கடினம். தகவல் இன்வெர்ட்டரிலிருந்து எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த்தான் உங்களிடம் வருகிறது. பல ஆப்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் எண் மாறும். நெட் போனால் அதுவும் நின்றுவிடும். அதனால் நாம் இன்வெர்ட்டரிடமே வீட்டு நெட்வொர்க் வழியாக நேராகக் கேட்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஃப்ரோனியஸ் ஜென்24 இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளேயே தரவு தரும் வசதி இதில் உண்டு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இணைத்துவிடலாம். மறுபக்கம், வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து பார்த்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் வேண்டும். இலவச மென்பொருள்தான், ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற சின்ன போர்டு கம்ப்யூட்டரிலோ சும்மா கிடக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டரிலோ ஓடும்.

படி 1: முகவரியை நிலையாக்குங்கள்

பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இன்வெர்ட்டருக்கு ஒரே ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தபின் முகவரி மாறித் தொடர்பு அறுந்துபோகும் தொல்லை இதோடு தீரும்.

படி 2: சோலார் ஏ.பி.ஐ.யைத் திறங்கள்

அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் இன்வெர்ட்டரின் சொந்தப் பக்கம் வரும். உள்நுழைந்து, கம்யூனிகேஷன் பகுதியில் சோலார் ஏ.பி.ஐ. என்பதை இயக்குங்கள். மற்ற மென்பொருள்கள் இன்வெர்ட்டரிடம் தரவு கேட்கும் வாசல் இது. அது அணைந்திருந்தால் அடுத்த படி எதுவும் வேலை செய்யாது.

படி 3: ஹோம் அசிஸ்டென்டில் சேர்த்துவிடுங்கள்

செட்டிங்ஸ், அதில் டிவைசஸ் அண்ட் சர்வீசஸ், அப்புறம் ஆட் இன்டக்ரேஷன். ஃப்ரோனியஸ் என்று தேடி முகவரியைக் கொடுங்கள். சென்சார்கள் தானாக வந்துவிடும்.

படி 4: எந்த எண்ணை நம்புவது?

தான் எவ்வளவு உற்பத்தி செய்கிறோம் என்பது மட்டும்தான் இன்வெர்ட்டருக்குத் தெரியும். அதே நேரத்தில் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாது. பேனல் 3,000 வாட் தரலாம், உள்ளே ஏ.சி.யும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடினால் மிச்சம் ஒன்றுமே இருக்காது. நமக்கு வேண்டியது அந்த மிச்சக் கணக்கு. அதற்கு, இ.பி. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்வெர்ட்டரோடு பேசும் ஸ்மார்ட் மீட்டர் ஒன்று இருக்க வேண்டும். இ.பி. வைத்த மீட்டர் இதற்கு உதவாது. சோலார் பொருத்தும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் சேர்ப்பதைவிட எளிது.

மீட்டர் இருந்தால் கிரிட் பவர் சென்சாரைக் கவனியுங்கள். கிரிட் என்பது இ.பி. லைன். கூட்டல் குறி என்றால் வெளியிலிருந்து வாங்குகிறீர்கள். கழித்தல் குறி என்றால் வெளியே அனுப்புகிறீர்கள். பெரிய சாதனம் ஒன்றை ஆன் செய்து எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பம் வராது.

வாட் என்பது அந்த நொடியின் வேகம், யூனிட் என்பது சேர்ந்த அளவு. 3,000 வாட் இருபது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். ஹோம் அசிஸ்டென்டின் எனர்ஜி டாஷ்போர்டுக்கு யூனிட் சென்சார் வேண்டும்; உங்களிடம் வாட் மட்டும் இருந்தால் அதிலேயே உள்ள இன்டக்ரல் ஹெல்பர் அதைக் கூட்டி யூனிட்டாக்கித் தரும்.

படி 5: கீசருக்கு ஆட்டோமேஷன்

2,000 வாட் கீசர் என்று வைத்துக்கொள்வோம். கிரிட் எண் −2,200க்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றால் கீசரை ஆன் செய்ய ஹோம் அசிஸ்டென்டிடம் சொல்லுங்கள். எப்போது அணைப்பது என்பதில்தான் பலருக்குச் சிக்கல். கீசர் ஓடத் தொடங்கியதும் அதே எண் −200க்கு வந்துவிடும். "2,000 வாட் மிச்சம் இல்லையென்றால் அணை" என்று எழுதியிருந்தால் உடனே அணையும், மிச்சம் திரும்பும், மறுபடி ஆன் ஆகும். நாள் முழுக்க இதே கதை. ஆகவே +300க்கு மேலே மூன்று நிமிடம் போனால் அணை என்று வையுங்கள். இரண்டு எல்லைக்கும் நடுவே கீசரின் வாட்டைவிட அதிக இடைவெளி இருக்க வேண்டும். காத்திருப்பு நேரம், ஒரு மேகம் கடந்துபோவதற்காக.

எது நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் கீசரை அணைக்கும் தனி விதி ஒன்றையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் தொடர்பு நடுவில் அறுந்தால், அணைக்கச் சொல்லும் எண் வரவே வராது.

230 வோல்ட்டில் இந்த கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன ஸ்மார்ட் பிளக்கில் சொருக வேண்டாம். 16 ஆம்பியர் தாங்கும் ஸ்மார்ட் சுவிட்ச் வேண்டும். மோட்டார் என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து காண்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) போடுங்கள்.

வேறு கம்பெனி இன்வெர்ட்டரா?

பெரும்பாலானவை மாட்பஸ் பேசும். சாதனங்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறிக்கொள்ள, 1979இல் தொழிற்சாலைகளுக்காக வந்த முறை, இன்றும் ஓடுகிறது. நெட்வொர்க் வழியென்றால் போர்ட் 502, இல்லையென்றால் ஆர்.எஸ்.485 வயரும் யு.எஸ்.பி. அடாப்டரும். தரவு ரிஜிஸ்டர் என்ற எண்ணிட்ட அறைகளில் இருக்கும். எந்த அறையில் எது என்பதற்கு உங்கள் மாடலின் ரிஜிஸ்டர் பட்டியல் வேண்டும். வோல்டேஜ் 2304 என்று வந்தால் பத்தால் வகுக்க வேண்டும், 230.4. பவர் 65036 என்று வந்தால் பயப்படாதீர்கள். அது −500 வாட்: கழித்தல் குறி உள்ள எண்ணாகப் படிக்கச் சொல்லாததால் 65,536 கூடுதலாகத் தெரிகிறது. எல்லாமே ஒரு அறை தள்ளி வந்தால், பட்டியல் ஒன்றிலிருந்தும் மென்பொருள் பூஜ்யத்திலிருந்தும் எண்ணுகிறது என்று பொருள். முகவரியில் ஒன்றைக் கழியுங்கள்.

ரிஜிஸ்டர்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதும் ரிஜிஸ்டர்களில் கிரிட் பாதுகாப்பு அமைப்புகளும் இருக்கலாம், அவை பொருத்தியவரின் பொறுப்பு.